பழைய ஜீப்பும் ஒரு சாக்பீஸ் கோடும்

அமெரிக்காவில் 1976 முதல் 1979 வரை தயாரான சி.ஜே.-5, சி.ஜே.-7 ரக ஜீப்புகளை, மலையிலும் பாறையிலும் ஓட்டுவதற்கென்றே இன்றும் பலர் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். “இது நான்கு கியர் வண்டி, எந்த மேட்டிலும் ஏறும்” என்பார் விற்பவர். கியர் நான்கு என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்குபவர் ஏமாந்து போகவும் கூடும். எப்படி என்று பார்ப்போம்.

20 பற்கள் உள்ள சிறிய சக்கரம், 60 பற்கள் உள்ள பெரிய சக்கரத்தைச் சுற்றுவதாகக் கொள்ளுங்கள். சிறியது மூன்று சுற்றுச் சுற்றினால் பெரியது ஒரு சுற்றுத்தான் சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்காகிறது. முறுக்கு விசை மூன்று மடங்காகிறது. புதிதாக ஆற்றல் எதுவும் பிறக்கவில்லை. உராய்வினால் சிறிது வீணாவதுதான் உண்டு. நெம்புகோலில் நீங்கள் படித்த அதே கணக்கு இது.

ஜீப்பில் இந்த வேலை மூன்று இடங்களில் நடக்கிறது. முதலில் கியர்ப்பெட்டி. அடுத்து, நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தளிக்கும் ‘டிரான்ஸ்பர் கேஸ்’. கடைசியாக, அச்சின் நடுவே உள்ள டிஃபரென்ஷியல். மொத்த விகிதம் வேண்டுமானால் மூன்றையும் பெருக்க வேண்டும். (கூட்டிவிடுகிற மாணவர்கள் என் வகுப்பில் ஆண்டுதோறும் உண்டு!)

இந்த ஜீப்புகளில் சாதாரணமாக வந்த டி-150 என்ற மூன்று கியர்ப் பெட்டியில் முதல் கியரின் விகிதம் 2.99. நான்கு கியர் உள்ள டி-18 பெட்டியோ இரண்டு விதமாகத் தயாரிக்கப்பட்டது. ஒன்றில் முதல் கியர் 4.02, மற்றதில் 6.32. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்! டிரான்ஸ்பர் கேஸின் தாழ்ந்த விகிதம் 2.03, அச்சின் விகிதம் 3.54 என்று வைத்துப் பெருக்கினால், டி-150க்கு 21½, முதல் வகை டி-18க்கு 29, இரண்டாம் வகைக்கு 45½ என்று கிடைக்கிறது.

எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றுகிறது, சக்கரம் ஒரு சுற்றில் 2.2 மீட்டர் உருளுகிறது என்று கொள்வோம். முதல் வண்டி மணிக்கு 3.7 கிலோமீட்டர் செல்லும். கடைசி வண்டி 1.7 கிலோமீட்டர்தான். நாம் நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை.

இவ்வளவு மெதுவாகப் போவதில் என்ன பெருமை? இறக்கத்தில்தான் அதன் அருமை தெரியும். சரளைக்கல் சரிவில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும், வண்டி சறுக்கும். சறுக்கும் வண்டியை ஸ்டியரிங்கால் திருப்ப முடியாது. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. சக்கரமும் உருண்டுகொண்டே இருக்கிறது. ஏற்றத்தில் இவ்வளவு ஆதாயம் இல்லை. டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக்கு மேல் விசை கொடுத்தால் சக்கரம் வீணாகச் சுழலும், அவ்வளவுதான்.

சரி, எந்தப் பெட்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய காகிதங்களை நம்ப முடியாது. நாற்பது ஆண்டுகளில் யாராவது பெட்டியையே மாற்றியிருக்கலாம். ஒரு சாக்பீஸ் போதும். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரே இதைச் செய்ய வேண்டும். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கித் தாங்கி வைத்து, கை பிரேக்கைத் தளர்த்த வேண்டும். பாட்டரி இணைப்பையும் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட வேண்டும். டிரான்ஸ்பர் கேஸ் இரு சக்கர ஓட்டத்தில் இருக்கட்டும். அந்த நிலையில் அதன் விகிதம் ஒன்றுதான். முதல் கியரைப் போட்டு, எஞ்சினின் முன்புறக் கப்பியை ஸ்பானரால் சுற்றிப் பின்பக்கப் புரொபெல்லர் தண்டைக் கவனியுங்கள். தண்டு மூன்று சுற்றுச் சுற்றுவதற்குள் கப்பி 9 சுற்றுச் சுற்றினால் டி-150. 12 என்றால் முதல் வகை டி-18. 19 என்றால் இரண்டாம் வகை.

அச்சின் விகிதத்தையும் இப்படியே எண்ணலாம், கியரை நியூட்ரலில் வைத்து. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சாதாரண டிஃபரென்ஷியலின் கூடு, இரு சக்கரங்களின் சராசரி வேகத்தில் சுழலும். ஒரு சக்கரம் தரையில் அசையாமல் இருப்பதால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கூடு ஒரு சுற்றுச் சுற்றும். ஆகவே சக்கரத்தை இரண்டு முறை சுற்றுங்கள். தண்டு மூன்றரைச் சுற்றுச் சுற்றினால் விகிதம் 3.54, நான்கைச் சற்றுத் தாண்டினால் 4.09.

விகிதம் பெரியதாக இருந்தாலே நல்ல பெட்டி என்றும் எண்ண வேண்டாம். 6.32 உள்ள பெட்டியில், சாலையில் புறப்படும்போது முதல் கியரை யாரும் தொடுவதில்லை, இரண்டாவதிலேயே கிளம்புவார்கள். ஆக, சாலையில் அதுவும் மூன்று கியர் வண்டிதான். தினமும் ஊருக்குள் ஓட்டுபவருக்கு டி-150 போதும் என்பேன்.

ஓட்டிப் பார்க்கும்போது கேட்கும் சத்தமெல்லாம் பழுதல்ல. டி-18இன் முதல் கியருக்கு வேகங்களைச் சமப்படுத்தும் பித்தளை வளையம் கிடையாது; ஓடும்போது போட்டால் கரகரக்கத்தான் செய்யும். இரண்டிலும் மூன்றிலும் கரகரத்தால் வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

அதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. மிதமான இறக்கத்தில், ஒவ்வொரு கியரிலும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி அழுத்தி விட வேண்டும். காலை எடுத்தவுடன் விசை பற்களின் மறுபக்கத்தில் விழுகிறது. பற்கள் சாய்வாகத் தேய்ந்திருந்தால், அந்த விசையின் ஒரு கூறு பற்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளும். கியர் தானாகவே துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். மலைச்சரிவில் இது நடந்தால் எஞ்சினின் பிடி ஒரு நொடியில் போய்விடும். அப்படித் துள்ளும் பெட்டியைப் பிரித்துச் சீர்செய்யும் செலவை விலையில் கழிக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், அந்த ஜீப்பை விட்டுவிட வேண்டியதுதான்.