பொமரூன் ஆற்றங்கரைத் திருச்சபை

தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள கயானா நாட்டில், எசெக்கிபோ கரையோரச் சாலை சாரிட்டி என்னும் ஊரோடு முடிவுறுகின்றது. அதற்கப்பால் பொமரூன் ஆறே வழி. படகேறி மேல்நோக்கிச் செல்வோர் கபகபூரி என்னும் அமெரிந்தியச் சிற்றூரை அடைவர். அங்குள்ள ஆங்கிலிக்கன் சபையின் தோற்றம் நம் சிந்தனைக்குரியது.

1840இல் இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம் ஹென்றி பிரெட் பொமரூன் ஆற்றங்கரையில் தங்கினார். அரவாக்கு மக்களோ அவரை அணுகாது ஒதுங்கினர். ஒருநாள் அவர்களுள் ஒருவராகிய சாசிபாரா தம் சிறு மகனுடன் வந்து, அவனுக்குக் கற்பிக்குமாறு வேண்டினார். பின்பு ஞானஸ்நானம் பெற்ற அவர் ஏற்ற பெயர் கொர்நேலியு. அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்திலும் ஆளனுப்பிப் பேதுருவை அழைப்பித்தவன் கொர்நேலியுவே அன்றோ! இரண்டிடத்தும் ஊழியனுக்கு வாசலைத் திறந்தவர் புறத்தார் எனப்பட்டவரே.

பிரெட் அம்மக்களின் மொழியைக் கற்றார். சுவிசேஷங்கள் அரவாக்கு மொழியில் அச்சேறின. ஆயினும் காலப்போக்கில் பள்ளியிலும் வழிபாட்டிலும் ஆங்கிலமே மேலோங்கிற்று. இன்று கயானாவில் அம்மொழியைப் பேசுவோர் மிகச் சிலரே. அவர்களுள் பெரும்பாலோர் முதியோர்.

ஒரு மொழிக்கு எழுத்துருத் தந்த திருப்பணி, அம்மொழி பேசுவோர் குறைவதைக் கண்டும் வாளாவிருத்தல் தகுமோ? மொழிபெயர்ப்போடு நம் கடன் தீர்வதில்லை. இத்தகைய சபையை நாடிச் செல்லும் ஊழியர், 'இங்கு எத்தனை பேர் விசுவாசிகள்?' என்று வினவுமுன், 'இவர்கள் எம்மொழியில் ஜெபிக்கின்றனர்?' என்று கேட்டறிவாராக. போதிக்கச் செல்வோர் முதலில் விருந்தினராய் அமர்ந்து செவிகொடுத்தலே முறை.