எட்டயபுரத்து வயலினும் ருஷ்ய வயலினும்

பாரதி பிறந்த வீட்டைக் காட்ட மாணவர்களை எட்டயபுரத்துக்கு அழைத்துச் செல்லும் நெல்லைப் பள்ளிகள் பல. அதே ஊரில் முத்துசுவாமி தீட்சிதரின் நினைவிடமும் உள்ளது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர், ஐரோப்பியரிடம் வயலின் பயின்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். பின்னாளில் எட்டயபுரம் அரண்மனை வித்துவான். எனவே வயலின் நமக்கு அயல் கருவி அன்று. அதே கருவி ருஷ்யர் கையில் எப்படிப் பேசுகிறது என்பதை ஒரு பாடவேளையில் மாணவர்களைக் கேட்கச் செய்யலாம்.

சைக்கோவ்ஸ்கி 1878-இல் இயற்றிய வயலின் கான்செர்ட்டோ இதற்கு ஏற்றது. ஒரு தனி வயலினும் பெரிய வாத்தியக் குழுவும் மாறிமாறி உரையாடும் அமைப்பே கான்செர்ட்டோ. யாஷா ஹைஃபெட்ஸ் சிகாகோ சிம்பொனிக் குழுவுடன் 1957-இல் வாசித்த பதிவு மின்னல் வேகம். டேவிட் ஓய்ஸ்த்ராக் ஃபிலடெல்ஃபியா குழுவுடன் 1959-இல் வாசித்தது நிதானமானது. முதன்முறை கேட்கும் பிள்ளைகளுக்கு ஓய்ஸ்த்ராக்கே நல்லது.

முழுவதும் அரைமணி நேரத்துக்கு மேல் ஓடும், அது வேண்டாம். முதல் பகுதியின் நடுவில் குழு முழுவதும் அடங்கி, வயலின் மட்டும் தனித்து ஒலிக்கும் இடத்தைப் போடுங்கள். ஆலாபனை போலத் தோன்றும். ஆனால் ஆலாபனை அந்த நேரத்தில் பிறப்பது. இங்கே ஒவ்வொரு சுரமும் முன்பே எழுதப்பட்டது. இந்த வேறுபாட்டை மாணவர்களே சொல்லட்டும். அது முடிந்ததும் புல்லாங்குழல் மெல்ல நுழையும். யார் முதலில் கண்டுபிடிக்கிறார் என்று பாருங்கள். அடுத்து, இறுதிப் பகுதி. கிராமிய ஆட்டம் போன்ற மெட்டு ஒன்று வரும்போது, கீழே தாழ்ந்த தந்திகள் ஒரே ஒலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தம்புராவைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது உடனே புரியும்.

நம் வித்துவான்கள் தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்த்து, தரையில் அமர்ந்து, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கிறார்கள். அங்கே மோவாயடியில் வைத்து நின்று வாசிப்பர். கமகத்துக்காகத் தந்தியில் விரல் வழுக்கி ஓட நம் இருக்கை உதவுகிறது. இரு படங்களை அருகருகே காட்டினால் போதும், விளக்கம் தேவைப்படாது.

ஆசிரியர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று. பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரிப் பேராசிரியர் லியோபோல்ட் அவுயருக்கே இப்படைப்பை முதலில் அர்ப்பணித்தார் சைக்கோவ்ஸ்கி. அவுயரோ வாசிக்க மறுத்துவிட்டார். 1881-இல் வியன்னாவில் அடால்ஃப் பிராட்ஸ்கி அரங்கேற்றினார். அங்கும் விமர்சகர் ஹான்ஸ்லிக் கடுமையாகச் சாடினார். பிற்காலத்தில் அவுயர் மனம் மாறி, தம் மாணவர்களுக்கே அதைக் கற்பித்தார். ஹைஃபெட்ஸ் அவருடைய மாணவர்தான்.

நேரமிருந்தால் கிளாசுனோவின் வயலின் கான்செர்ட்டோவையும் சேர்க்கலாம். இடைவெளியே இல்லாமல் ஓடும் இதை முதலில் வாசித்தவரும் அவுயரே. கிளாசுனோவ் அதை இயற்றிய 1904-இல்தான், பாலுசுவாமியின் பேரர் முறையான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' எட்டயபுரத்தில் அச்சேறியது.