யுஎக்ஸ் சான்றிதழ்: கல்லாவிப் பிள்ளைகள் பணம் கட்டலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லாவியில் படிப்பை முடித்த பிள்ளைகள் வழக்கமாகப் பார்ப்பது போச்சம்பள்ளி சிப்காட், ஓசூர் கம்பெனிகள், அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு. இப்போது செல்போன் விளம்பரங்கள் இன்னொன்றையும் காட்டுகின்றன: வீட்டிலிருந்தே யுஎக்ஸ் டிசைன் படித்து ஐ.டி. வேலைக்குப் போகலாம் என்று.

ஒரு செயலியையோ இயந்திரத்தையோ பயன்படுத்துகிறவர் தடுமாறாமல் வேலையை முடிக்கும்படி அதை வடிவமைப்பதே யுஎக்ஸ். நிறமும் படமும் அதில் ஒரு பகுதி. யார், எங்கே சிக்கிக்கொள்கிறார் என்று கவனிப்பதுதான் பெரிய வேலை. ஓசூர் தொழிற்சாலை இயந்திரங்களின் தொடுதிரைக்கும் இது பொருந்தும்.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் கூகுளின் சான்றிதழ் 2021-ல் கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் வந்தது. முன் அனுபவம் தேவையில்லை. வாரம் 10 மணி நேரத்துக்குள் ஒதுக்கினால் ஏறத்தாழ 6 மாதத்தில் முடிக்கலாம் என்ற கணக்கில் அமைத்தார்கள். கட்டணம் மாதச் சந்தா. இழுத்தடித்தால் செலவு ஏறும். வசதியில்லாதவர்கள் கட்டண உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வரைய உதவும் ஃபிக்மா மென்பொருள் மாணவர்களுக்கு இலவசம்.

பாடம் நல்ல பாடம்தான். ஆனால் சான்றிதழை மட்டும் பார்த்து யாரும் வேலை தருவதில்லை. நேர்காணலில் கேட்பது போர்ட்ஃபோலியோவை, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பை. உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் ஒரே பயிற்சியைச் செய்து ஒரே மாதிரிச் செயலியை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

கல்லாவிக்காரருக்கு இங்கேதான் வாய்ப்பு. விவசாயிகளுக்கான தமிழக அரசின் உழவன் செயலி 2018-லிருந்து இருக்கிறது. மா விவசாயிகள் ஐந்து பேரிடம் அதைக் கொடுத்து, சந்தை விலை பார்க்கச் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல், விரல் எந்த இடத்தில் நிற்கிறது, எந்தச் சொல்லில் கண் தயங்குகிறது, எப்போது போனை மகனிடம் நீட்டுகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பது யுஎக்ஸ் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதிய பிரபலமான கருத்து. பிறகு அந்தத் திரையைத் திருத்தி வரைந்து, அதே ஆட்களிடம் மீண்டும் காட்டுங்கள். பெங்களூரில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு இந்த அனுபவம் எளிதில் வாய்க்காது.

பிளஸ் டூ முடித்தவர்கள் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் நடத்தும் ஜோஹோ ஸ்கூல்ஸின் டிசைன் பிரிவை முதலில் பார்ப்பது நல்லது. தேர்வு உண்டு, கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் தருகிறார்கள். ஐஐடி-யில் டிசைன் பட்டம் படிக்க யூசீட் நுழைவுத் தேர்வு இருக்கிறது. காசில்லாமல் ருசி பார்க்க, மனித–கணினி ஊடாட்டம் பற்றி என்பிடெல் என்ற இலவச இணையப் பாடத் தளத்தில் உள்ள வீடியோக்கள் போதும்.

அதற்குப் பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால் சான்றிதழுக்குச் சேருங்கள். வேலை உத்தரவாதம் என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி மையங்களுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்.