விமான என்ஜினை தாங்கும் கையளவு ரப்பர்! வீட்டில் விமானம் கட்டுவோர் அலட்சியம் காட்டினால் ஆபத்து

ஸ்டாண்டில் நிற்கிற பழைய ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் பல்லே ஆடும். கம்பியை பிடித்தால் கை மரத்துப்போகும். மெக்கானிக்கிடம் கேட்டால், "என்ஜின் மவுண்டிங் போச்சுண்ணே" என்பார். வண்டியை ஓரம் கட்டி மாற்றிவிடலாம். அதே ரப்பர் பறக்கிற விமானத்தில் போனால்? நடு வானில் ஓரம் கட்ட இடம் கிடையாது.

வீட்டிலேயே விமானம் கட்டுவது கதை அல்ல. மும்பை பைலட் அமோல் யாதவ், அடுக்குமாடி குடியிருப்பின் மொட்டை மாடியில் கட்டிய 6 பேர் அமரும் விமானம் 2017-ம் ஆண்டு முறைப்படி பதிவானது. கேரள என்ஜினீயர் ஒருவர் இங்கிலாந்தில் கொரோனா ஊரடங்கு காலத்தில் 4 சீட் விமானம் கட்டி, குடும்பத்தோடு ஐரோப்பிய நாடுகளுக்கு பறந்து 2022-ல் செய்தியில் அடிபட்டார். அமெரிக்காவில் இப்படி கட்டியவை ஆயிரக்கணக்கில் பறக்கின்றன.

இவர்கள் இறக்கை, என்ஜினுக்கு காட்டும் அதே கவனத்தை, என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் போடும் ரப்பருக்கும் காட்டியாக வேண்டும். ஏன்?

நொடிக்கு 90 வெடிப்பு

சின்ன விமானங்களில் அதிகம் காணப்படுவது லைகோமிங் ஓ-320 என்ஜின். 4 சிலிண்டர். எடை 110 கிலோவுக்கு மேல். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 2 சிலிண்டர் வெடிக்கும். அதாவது நொடிக்கு 90 வெடிப்பு.

இந்த உதறல் அத்தனையும் நேராக பாடியில் இறங்கினால் மீட்டர்கள் கெடும். ரிவிட் தளரும். என்ஜினை தாங்கும் இரும்பு குழாய் பிரேமில் வெல்டிங் விரிசல் விடும். இதை தடுப்பதுதான் ரப்பரின் வேலை.

கெட்டியா? மெத்தென்றா?

"கெட்டி ரப்பராக போட்டால் ஸ்ட்ராங்காக நிற்கும்" என்று நினைப்பது தப்பு.

ரப்பர் மேல் உட்கார்ந்த என்ஜினை ஒரு தட்டு தட்டினால், அதற்கென்று ஒரு வேகத்தில் ஆடும். என்ஜின் அதிரும் வேகமும் அந்த ஆட்டமும் ஒன்றாகிவிட்டால் வந்தது வம்பு. ஊஞ்சலை சரியான நேரத்தில் தள்ளத் தள்ள உயரப் போவது மாதிரி, அதிர்வு குறையாமல் பெருகும். என்ஜின் அதிர்வு, ரப்பரின் ஆட்டத்தைவிட 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் வேலை செய்யவே தொடங்கும். 3 மடங்கு இருந்தால் எட்டில் ஒரு பங்கு அதிர்வுதான் பாடிக்கு போகும்.

இதை ஸ்கேல் வைத்தே கணக்கு போடலாம். என்ஜின் எடையில் ரப்பர் 1 மில்லி மீட்டர் மட்டும் அமுங்கினால், நொடிக்கு சுமார் 16 முறை ஆடும். இரண்டரை மில்லி மீட்டர் அமுங்கினால் சுமார் 10 முறை. ஐட்லிங்கில் 700 சுற்று ஓடும்போது நொடிக்கு 23 வெடிப்பு. முதல் ரப்பர் எல்லைக்கோட்டில் நிற்கிறது. விமானமே டான்ஸ் ஆடும். இரண்டாவது தப்பித்துக்கொள்ளும்.

அதற்காக பஞ்சு மாதிரி போடவும் கூடாது. ஸ்டார்ட் செய்யும்போதும் ஆப் செய்யும்போதும் என்ஜின் குலுங்கி மூடியில் இடிக்கும். மூக்கு தொங்கும். காற்றாடி இழுக்கும் திசையும் மாறும்.

சிலிண்டர் குறைந்தால் உலுக்கல் கூடும் என்பதும் முக்கியம். என்ஜினின் சராசரி முறுக்கு விசையை 4 சிலிண்டருக்கு 2 மடங்கு, 3 சிலிண்டருக்கு 3 மடங்கு, 2 சிலிண்டருக்கு 4 மடங்கு என்று வைத்து பிரேமை வடிவமைக்க வேண்டும் என்பது அமெரிக்க சிறு விமான விதிகளில் நெடுங்காலம் இருந்த கணக்கு.

சாய்வின் ரகசியம்

பழைய என்ஜின்களில் ரப்பர் நேராக இருக்கும். பிறகு வந்த "டைனபோகல்" முறையில் 4 ரப்பரும் சாய்வாக, என்ஜினின் எடை மையத்தை பார்த்தபடி இருக்கும். என்ஜின் முறுக்கி உதறும்போது ரப்பர் விட்டுக்கொடுக்கும். இழுக்கும்போது கெட்டியாக பிடிக்கும். இதில் 30 டிகிரி, 18 டிகிரி என 2 ரகம் உண்டு. ஒன்றுக்கு செய்த பிரேமில் மற்றது உட்காராது. செகண்ட்ஹேண்ட் என்ஜின் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ரப்பரிலும் ரகம் உண்டு. இயற்கை ரப்பர் அதிர்வை நன்றாக தடுக்கும். ஆனால் ஆயில் பட்டால் உப்பும், சூட்டில் வெடிக்கும். நியோபிரீன் ஆயிலை ஓரளவு தாங்கும். சிலிக்கான் சூட்டை தாங்கும்.

ரப்பர் கிழிந்தால்?

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். ரப்பர் முழுசாக கிழிந்தாலும் என்ஜின் கழன்று விழக்கூடாது. அதற்காகத்தான் ரப்பரின் நடுவே போல்ட்டும், ஓட்டையைவிட பெரிய இரும்பு வாஷரும். இது இல்லாத மவுண்டிங் எவ்வளவு மலிவாக கிடைத்தாலும் விமானத்துக்கு ஆகாது. காற்றாடியின் ஒரு இலை உடைந்தால், சமநிலை கெட்டு சில நொடியில் என்ஜினே பிய்த்துக்கொள்ளும். முன்பாரம் போனால் வால் கனத்து, விமானம் பைலட் கைக்கு அடங்காது.

இன்னொன்று: ரப்பரில் கரண்ட் பாயாது. என்ஜினுக்கும் பாடிக்கும் தனியாக எர்த் பட்டை போட வேண்டும். மறந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாக பாய்ந்து அதை பொசுக்கிவிடும். பெட்ரோல் குழாயும் வளையும் ரகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ஜின் ஆடும்போது குழாய் விரியும்.

எப்போது மாற்றுவது?

காற்றாடி நடுவில் உள்ள கூம்பையும் என்ஜின் மூடியையும் பார்த்தாலே தெரியும். புதிதில் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும். கூம்பு கீழே இறங்கியிருந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். லேசான இறக்கத்தை வாஷர் வைத்து சரி செய்வார்கள். வெடிப்போ, ஆயில் உப்பலோ தெரிந்தால் வாஷர் வேலைக்கு ஆகாது. மொத்த செட்டையும் மாற்ற வேண்டும். மேல் ரப்பரும் கீழ் ரப்பரும் ஒன்று போல தெரிந்தாலும் சில செட்டில் கெட்டித்தன்மை வேறு. இடம் மாற்றி போடாமல், கம்பெனி படத்தை பார்த்து பூட்டுவதே பாதுகாப்பு.