கரடிக்கு ஏன் முகம் இல்லை?

ட்ரெயில் கேமரா வாங்க நினைப்பவர்கள் அட்டைப்பெட்டியில் முதலில் தேடுவது மெகாபிக்சல் எண்ணை. நான் அதைக் கடைசியில்கூடப் பார்ப்பதில்லை. கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டம் முடிந்து சோலை தொடங்கும் வேலியோரம் சில ஆண்டுகளாகக் கேமரா கட்டி வைத்திருக்கிறேன். (சொந்த நிலம் என்பதால் சரி, காட்டுக்குள் கட்ட வனத்துறை அனுமதி வேண்டும்.) கரடி, முள்ளம்பன்றி, காட்டுமாடு, எப்போதாவது சிறுத்தை. பெரும்பாலும் ராத்திரி விருந்தாளிகள். அவர்களிடம் மெகாபிக்சல் செல்லாது.

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருநாள் தன் புதுக் கேமராவின் மெமரி கார்டோடு வந்தான். "ஏனுங்ணா, பகல்ல பேரிக்கா இலையில நரம்புகூடத் தெரியுது. ராத்திரி வந்த கரடிக்கு மூஞ்சியே இல்லையே?"

கேமரா பழுதில்லை. வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். சுற்றுப்புறத்தைவிடச் சூடான உடல் எதிரே நகர்ந்தால் கேமராவின் வெப்ப உணரி அதை எழுப்பிவிடுகிறது. பகலில் கண்ணிமைக்கும் நேரத்தில் படம் பதிந்துவிடும். இரவிலோ முகப்பில் உள்ள அகச்சிவப்பு எல்இடி விளக்குகள் தருவதுதான் வெளிச்சம். அது பற்றாமல் ஷட்டர் ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று திறந்தே கிடக்கிறது. அதற்குள் கரடி தலையைத் திருப்பிவிடும். கறையான் புற்றைத் தோண்டிக்கொண்டு நிற்கிற கரடி தெளிவாக விழும். நடக்கிற கரடி கரைந்துபோகும்.

மெகாபிக்சல் கதை இன்னும் வேடிக்கை. உள்ளே இருப்பது விரல் நகத்தைவிடச் சிறிய சென்சார். விலை குறைந்த பல கேமராக்களில் அதில் உண்மையாக உள்ள புள்ளிகள் கொஞ்சம்தான்; பெட்டியில் அச்சிட்ட எண்ணை எட்டுவதற்காக மென்பொருள் இடையிடையே புள்ளிகளை இட்டு நிரப்புகிறது. கார்டில் இடம் தீருமே தவிர, கரடிக்கு மூக்கு முளைக்காது.

விளக்கிலும் இரண்டு வகை. 850 நானோமீட்டர் விளக்கு தூரம்வரை எட்டும். ஆனால் உற்றுப் பார்த்தால் மங்கிய சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 நானோமீட்டர் கண்ணுக்கே தெரியாது. திருடனுக்கும் தெரியாது என்பதால் பலர் அதை வாங்குகிறார்கள். அந்த ஒளியைச் சென்சாரும் குறைவாகவே உணரும். படம் இருண்டு, பொரிப்பொரியாக வரும். ஆள் நடமாட்டம் இல்லாத இடமென்றால் 850தான் என் தேர்வு.

ஆனாலும், எந்தக் கேமரா என்பதைவிட எங்கே கட்டுகிறோம் என்பதுதான் படத்தைத் தீர்மானிக்கிறது. தூரம் இரு மடங்கானால் விலங்கின் மேல் விழும் வெளிச்சம் கால் பங்காகிவிடும். இருபது மீட்டர் தள்ளி நடக்கும் தடத்தை விட்டுவிட்டு, நான்கைந்து மீட்டரில் கடக்கும் தடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். லென்ஸுக்கு முன்னால் ஒரு புல் ஆடினாலும் விளக்கொளி முழுதும் அதில் பட்டுத் திரும்பும். புல் வெள்ளையாகப் பளீரிட, பின்னால் உள்ள விலங்கு இருளில் மூழ்கும். மிஸ்ட் இறங்கும் இரவுகளில் படமே வெள்ளைத் திரை. அதற்கு மருந்து கிடையாது. சிலந்தி வலைக்கு உண்டு: வாரம் ஒருமுறை ஒரு பழைய பெயின்ட் பிரஷ். பேட்டரியையும் சொல்ல வேண்டும். சாதா ஆல்கலைன் செல் தேயத் தேய மின்னழுத்தம் இறங்கும். பகல் படம் நன்றாகவே வரும். இரவில் விளக்கு சோர்ந்துவிடும். லித்தியம் செல் விலை அதிகம், ஆனால் கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

எனக்கு மங்கலான கரடி போதும், வந்ததா வரவில்லையா என்று தெரிந்தால் சரி. புலி எண்ணுபவர்களுக்கு அது போதாது. ஒவ்வொரு புலிக்கும் வரி தனி. அந்த வரியை வைத்துத்தான் இது எந்தப் புலி என்று பிரிக்கிறார்கள். இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒத்திருக்காது என்பதால் தடத்தின் இருபுறமும் எதிரெதிரே கேமரா கட்டுகிறார்கள். வெள்ளை ஃபிளாஷ் உள்ள கேமராக்கள் அங்கே மதிக்கப்படுவதும் இதனால்தான்: செனான் ஃபிளாஷ் ஒரு கணம் மின்னி அணைவதற்குள் நடக்கும் புலி அப்படியே உறைந்து வண்ணத்தில் பதியும். 2018 புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். மூன்றரைக் கோடிக்கு நெருக்கமான படங்கள் சேர்ந்தன. புலி இருந்தவை 76,651 மட்டுமே. கின்னஸ் ஏட்டில் ஏறிய வேலை இது.

அதற்காக அகச்சிவப்புப் படத்தை இளப்பமாக நினைக்க வேண்டாம். இரவானதும் லென்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு வடிகட்டி 'டிக்' என்று விலகி, அகச்சிவப்பை உள்ளே விடுகிறது. படம் கறுப்பு வெள்ளையாவது அதனால்தான். மலேசியத் தீபகற்பத்தில் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கருஞ்சிறுத்தைகள். பகலில் வண்ணத்தில் எடுத்தால் வெறும் கறுப்பு. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க வழியில்லை. அங்குள்ள ஆய்வாளர்கள் கேமராவின் ஒளி உணரியை மறைத்தார்கள். கேமரா நட்டநடுப் பகலையும் இரவென்று நம்பி அகச்சிவப்பில் எடுத்தது. கறுப்பு ரோமத்துக்குள் ஒளிந்திருந்த புள்ளிகள் வெளியே வந்தன. 2015இல் இதை வெளியிட்டார்கள்.

கோத்தகிரிக்கும் கருஞ்சிறுத்தை புதிதல்ல. வந்துபோவது ஒன்றா, இரண்டா என்று டீக்கடையில் வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. என் கேமராவில் புள்ளி தெரியும்படி விழுந்த படங்கள் உண்டு. ஒன்றில் இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். ஆகவே தீர்ப்பு சொல்ல முடியாது. எதிர்ப்புறம் கட்ட இன்னொரு கேமரா வேண்டும், தம்பியிடம் கேட்டிருக்கிறேன்.