தாங்கியிலிருந்து தீப்பொறி வரை

வாழைச்சேனையிலிருந்து புறப்படும் மீன்பிடிப் படகொன்றின் எஞ்சின் கரையில் நன்றாகத்தான் இயங்குகிறது. கால் மணி நேரம் ஓடியபின் திணறித் திணறி நின்றுவிடுகிறது. சற்றுப் பொறுத்துக் கயிற்றை இழுத்தால் மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும். அனுபவமுள்ள கடற்றொழிலாளி உடனே எஞ்சினைக் கழற்ற மாட்டார். எண்ணெய்த் தாங்கியின் மூடியிலுள்ள சிறிய காற்றுத் திருகைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார். அது இறுக மூடியிருந்தால், எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று நுழைய வழியில்லாமல் அமுக்கம் குறைந்துபோகும். வெளியே போக வேண்டிய எண்ணெய் உள்ளேயே நின்றுவிடும். திருகைத் தளர்த்தினால் காற்று "உஸ்" என்று உள்ளே போகும். நோய் தீர்ந்தது.

இதே நோய் ஆகாயத்திலும் உண்டு. மட்டக்களப்பு விமான நிலையத்தில் வந்திறங்கும் செஸ்னா கேரவன் போன்றவை சுழலி எஞ்சின் கொண்டவை. அவற்றின் எரிபொருளும் வேறு. ஆனால் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையினர் பறக்கப் பழகும் செஸ்னா 150 போன்ற சிறு விமானங்களுக்குள் இருப்பது உருளையும் பிஸ்டனும் உடைய பெற்றோல் எஞ்சின்தான். வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் உள்ளதற்கு அது தூரத்து உறவு. வித்தியாசம் ஒன்றே. மோட்டார் சைக்கிள் நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். படகு நின்றால் கையை அசைத்து உதவி கேட்கலாம். விமானத்தில் எஞ்சின் நின்றால், இருக்கும் உயரம் தீருமுன் விமானி காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்க ஒரு வெளியைப் பிடிக்க வேண்டும். ஆகவே இக்கோளாறுகளைத் தரையிலேயே தேடிப் பிடிக்கிறார்கள். தேடுவதற்கும் ஒரு வரிசை உண்டு: எரிபொருள் இருக்கிறதா, வந்து சேர்கிறதா, சுத்தமாக இருக்கிறதா, காற்றோடு சரியான அளவில் கலக்கிறதா?

முதல் கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோய் விழுந்த விமானங்கள் உலகெங்கும் ஏராளம். சிறு விமானங்களின் எரிபொருள் மானியை விமானிகள் முழுமையாக நம்புவதில்லை. இறக்கையின் மேல் ஏறி, மூடியைத் திறந்து, அளவுகோலை உள்ளே விட்டு நனைந்த அளவைப் பார்க்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் பார்க்கும் அதே முறை. பார்க்கும்போது நிறத்தையும் கவனிக்கிறார்கள். பிஸ்டன் விமானங்களில் அதிகம் பயன்படும் 100 ஒக்டேன் பெற்றோலுக்கு நீலச் சாயம் ஊட்டியிருப்பார்கள். தவறுதலாகச் சுழலி எஞ்சினுக்குரிய எண்ணெயை நிரப்பிவிட்டால் பிஸ்டன் எஞ்சின் சிறிது நேரத்திலேயே பாழாகும். அந்த நீலச் சாயத்தால் இன்னொரு பயனும் உண்டு. குழாய் மூட்டில் கசிவு இருந்தால் பெற்றோல் ஆவியாகிவிடும். நீலக் கறை மட்டும் அங்கே காய்ந்து நின்று காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது கேள்விக்கு விடை தாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடையில் கிடக்கிறது. எரிபொருளைத் திறந்து மூடும் வால்வு, வடிகட்டி, குழாய், காற்றுத் துளை. கடைசியாகச் சொன்னதுதான் வேடிக்கையானது. நம் வீட்டுச் சாவித் துவாரத்திலும் குழாய் முனையிலும் மண்கூடு கட்டும் குளவிக்கு, நிறுத்திவைத்த விமானத்தின் காற்றுத் துளையும் பிடித்தமான இடம். ஒரு சிட்டிகை மண் போதும், படகில் திருகு இறுகிய கதை வானத்திலும் நடந்துவிடும்.

மூன்றாவது, தண்ணீர். பாதி நிரம்பிய தாங்கியின் வெற்றிடத்தில் ஈரக்காற்று இருக்கும். இரவில் தாங்கி குளிர, அந்த ஈரம் துளியாகி விழும். விமானப் பெற்றோல் ஒரு லீற்றர் ஏறக்குறைய 720 கிராம். தண்ணீர் ஒரு கிலோ. எனவே தண்ணீர் அடியில் போய் நிற்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியிலிருந்துதான் புறப்படுகிறது. புறப்படுமுன் விமானி தாங்கியின் அடிமுனையிலிருந்து கொஞ்சம் பெற்றோலைக் கண்ணாடிக் குவளையில் வடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். தண்ணீர் இருந்தால் அடியில் குமிழாகத் திரண்டு நிற்கும். செஸ்னா 172இன் பிந்திய வகையொன்றில் இப்படி வடித்துப் பார்க்க 13 இடங்கள் உண்டு. பதின்மூன்றையும் குனிந்து குனிந்து பார்ப்பது சலிப்பான வேலைதான். ஒன்று விடாமல் பார்க்கத்தான் வேண்டும். ஒரு குவளை முழுவதும் தண்ணீராகவே இருந்தால் அது சுத்தமான பெற்றோல் போலவே தெளிவாகத் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நீல நிறம் இல்லையே என்று கவனிக்கிறவருக்குத்தான் பிடிபடும்.

நான்காவது கேள்வியில்தான் நம்ப முடியாத ஒன்று வருகிறது: பனியே காணாத ஊரிலும் எஞ்சினுக்குள் பனிக்கட்டி உறையலாம். ஊசி போடுமுன் தாதி தடவும் ஸ்பிரிட் சில்லிடுவது ஏன்? அது ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காபரேற்றரின் ஒடுங்கிய கழுத்தில் பெற்றோலும் அப்படியே ஆவியாகிறது. அங்கே காற்றும் வேகம் கூடி விரிந்து குளிர்கிறது. வெப்பநிலை 30 பாகைக்கும் மேல் இறங்கக்கூடும். மாரி காலத்தின் ஈரமான 25 பாகைக் காற்று அங்கே உறைநிலைக்குக் கீழே போய்விடும். கழுத்தில் பனி படிந்து காற்றின் வழியை அடைக்கும். இதற்காக, புகைபோக்கியைச் சுற்றிச் சூடேறிய காற்றைக் காபரேற்றருக்குள் விட ஒரு கைபிடி வைத்திருக்கிறார்கள். அதை இழுத்ததும் எஞ்சின் முன்னைவிட மோசமாக உதறும், ஏனெனில் உருகிய பனி தண்ணீராக உள்ளே போகிறது. பயந்துபோய்க் கைபிடியைத் திரும்பத் தள்ளிவிட்ட விமானிகளும் உண்டு. பொறுத்திருந்தால் எஞ்சின் சீராகிவிடும்.

கோளாறு எரிபொருளில்தானா, தீப்பொறியிலா என்று பிரிக்க இலகுவான வழியொன்று இருக்கிறது. விமான எஞ்சினில் தீப்பொறி தரும் கருவி இரண்டு. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார்கள். ஒன்றில் மட்டும் உதறினால் பெரும்பாலும் தீப்பொறிப் பக்கம். இரண்டிலும் ஒரே மாதிரி உதறினால் எரிபொருளைச் சந்தேகிக்கலாம். பிளக்கைக் கழற்றினால் அதுவும் பேசும்: கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம், வெளிறியிருந்தால் குறைவு.

இப்படி வரிசையாகக் கேட்டுக் காரணத்தைப் பிடித்தவர்களில் நம் மாணவிகள் அறிய வேண்டியவர் பீட்ரிஸ் ஷில்லிங். 1909இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே மோட்டார் சைக்கிள் வாங்கிக் கழற்றிப் பூட்டியவர். மார்கிரட் பார்ட்ரிஜ் என்ற பெண் பொறியியலாளர் அவரைப் பயிற்சிக்குச் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்படி தூண்டினார். மான்செஸ்டரில் மின்பொறியியல் கற்றார். (மகளின் கையில் கிறீஸ் பட்டால் முகம் சுளிக்கும் பெற்றோர் இந்த இடத்தைச் சற்று நின்று வாசிக்கலாம்.)

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சின், மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் திணறி நின்றது. எதிரியின் எஞ்சினிலோ பெற்றோல் நேரே உருளைக்குள் செலுத்தப்பட்டதால் அந்தத் தொல்லை இல்லை. பெற்றோல் இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. ஆனால் பாயும் கணத்தில் அது காபரேற்றர்க் கிண்ணத்தின் மேற்பக்கம் போய்விட்டது. முதலில் எஞ்சின் பட்டினி கிடந்தது. அடுத்த நொடியில் வால்வு முழுவதும் திறந்து, பம்பு தள்ளிய பெற்றோலில் மூழ்கியது. நிறுத்தியது பற்றாக்குறையைவிட இந்த வெள்ளமே. எஞ்சின் முழு வேகத்தில் குடிக்கக்கூடிய அளவு எவ்வளவோ, அதற்கு மேல் விடாத சிறு துளையுள்ள உலோகத் துண்டொன்றை ஷில்லிங் குழாயில் பொருத்தினார். விமானங்களைச் சேவையிலிருந்து எடுக்காமலே, 1941இல் அவரும் சிறு குழுவும் விமானத் தளம் விமானத் தளமாகச் சென்று பொருத்தினார்கள்.

மறு ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடாவிலிருந்து எழுந்த ஹரிக்கேன் விமானங்களும் மெர்லின் எஞ்சினில் பறந்தவையே. ஹேர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியதும் அன்றுதான். ஷில்லிங்கின் துண்டு தற்காலிகத் தீர்வு என்பதை அவர் உட்பட எல்லோரும் அறிந்திருந்தார்கள். மிதவைக் கிண்ணமே தேவைப்படாத புதிய வகைக் காபரேற்றர் 1943இல் வரும்வரை அதுவே எஞ்சினைக் காத்தது.