குறைந்த செலவில் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு

ஒரு நாட்டின் தொலைபேசி வலையமைப்பில் தொடங்கி இன்னொரு நாட்டின் வலையமைப்பில் முடியும் அழைப்பு வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு எனப்படுகிறது. பேச்சுவழக்கில் இதை ஐ.எஸ்.டி. என்பர். விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இது வீட்டுத் தேவையாகவும் தொழில் தேவையாகவும் இருந்துவருகிறது. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் வேலை பார்ப்போரின் குடும்பங்கள் ஒருபுறம். நூற்பாலை நூல், சத்திரப்பட்டிப் பகுதியின் பேண்டேஜ் துணி என்று சரக்கு அனுப்புவோர் மறுபுறம்.

செயலிகள் வந்தபின் இதெல்லாம் இலவசம்தானே என்று இளையோர் கேட்கின்றனர். இரு பக்கமும் திறன்பேசியும் இணையமும் இருந்து, இரு நாடுகளும் அந்தச் செயலியை அனுமதித்தால் இலவசம்தான். மகன் இருக்கும் நாட்டில் செயலி தடுக்கப்பட்டிருந்தாலோ, தாயிடம் பொத்தான் கைப்பேசி மட்டும் இருந்தாலோ கேள்வி மறுபடி முளைக்கிறது. அப்போது யார் யாரை அழைப்பது என்பதைப் பொறுத்தே செலவு அமைகிறது.

கட்டணம் எங்கே உருவாகிறது

தூரம் கூடினால் கட்டணம் கூடும் என்று நினைப்பது இயல்பு. டிரங்க் கால் காலத்தில் அது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. இன்று கடலடிக் கண்ணாடியிழை வடங்களில் ஒரு நிமிடப் பேச்சைக் கடத்த ஆகும் செலவு மிகச் சொற்பம். பெரும்பங்கு கடைசிக் கட்டத்தில்தான் சேர்கிறது. அழைப்பை வாங்கி உரியவரின் தொலைபேசியை ஒலிக்கச் செய்யும் நிறுவனம், அழைப்பை அனுப்பிய நிறுவனத்திடம் நிமிடக் கணக்கில் ஒரு தொகை பெறுகிறது. தபாலை ஊர்விட்டு ஊர் கொண்டுவந்தவரிடம், வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுப்பவர் கூலி கேட்பதைப் போன்றது இது. முடிப்புக் கட்டணம் என்று சொல்லலாம்.

இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டு அழைப்புகளுக்கு இக்கட்டணத்தை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) வரையறுக்கிறது. 2018 பிப்ரவரி 1 முதல் அது நிமிடத்துக்கு 30 பைசாவாக இருந்தது. 2020 மே 1 முதல் 35 பைசாவுக்கும் 65 பைசாவுக்கும் இடையில் நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றானது. ஆகவே துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ராஜபாளையத்துக்கு வரும் அழைப்பை இங்கே முடித்துக் கொடுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய்கூட ஆவதில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவுக்கென்று மலிவான தொகுப்புத் திட்டங்களை விற்க முடிவது இதனால்தான்.

எதிர்த்திசையில் கணக்கு மாறிவிடுகிறது. இங்கிருந்து அழைத்தால் அந்த நாட்டின் முடிப்புக் கட்டணத்தை நம் நிறுவனம் செலுத்த வேண்டும். அமெரிக்கா, கனடாவில் அது குறைவு. வளைகுடா நாடுகள் பலவற்றில் அதிகம். ஆகவே பெரும்பாலான வேளைகளில் அங்கிருந்து இங்கே அழைப்பதே இலாபம். ‘மிஸ்டு கால் கொடு, நான் கூப்பிடுகிறேன்’ என்று வெளிநாட்டிலிருப்பவர் சொல்லிவைக்கும் வழக்கம் சம்பளத்தை மட்டும் பார்த்து வந்ததல்ல. கட்டண அமைப்பின்படியும் அதுவே சரி.

பூத் காலம்

வெளிநாட்டு அழைப்பு என்றாலே முதியவர்களுக்கு நினைவு வருவது மஞ்சள் பலகையில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதிய கண்ணாடிக் கூண்டு. அதற்கு முன்பு டிரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்பும் பழக்கமும் இருந்தது. இந்தியாவில் நேரடியாக எண் சுழற்றி வெளிநாட்டுக்குப் பேசும் வசதி 1976இல் மும்பைக்கும் லண்டனுக்கும் இடையே தொடங்கியது. 1984இல் அமைக்கப்பட்ட சி-டாட் நிறுவனத்தின் மின்னணு இணைப்பகங்கள் பரவியபின் அவ்வசதி சிற்றூர்களையும் எட்டியது. பூத்துகளை ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. பல குடும்பங்கள் அதை நம்பியே பிழைத்தன.

இரவில் எஸ்.டி.டி. கட்டணம் குறையும் என்பதால் பூத் வாசலில் வரிசை இரவில்தான் நீளும். பேசுகிறவரின் கண் முழுவதும் சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டரின் மேல் இருக்கும். ஐ.எஸ்.டி.க்கு நிமிடத்துக்குப் பத்துக்கணக்கில் ரூபாய் ஆன காலத்தில், நலம் விசாரித்து முடிப்பதற்குள் ஒருநாள் கூலி போய்விடும். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போனவர்கள் உண்டு.

1986 ஏப்ரல் 1 அன்று உருவான விதேஷ் சஞ்சார் நிகாம் (வி.எஸ்.என்.எல்.) என்ற அரசு நிறுவனமே வெளிநாட்டு அழைப்புகளைத் தனியுரிமையாகக் கையாண்டுவந்தது. அத்தனியுரிமை 2002இல் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் இணையவழித் தொலைபேசியும் வரம்புகளுடன் அனுமதிக்கப்பட்டது. கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம். இந்தியத் தொலைபேசிக்குப் பேசக்கூடாது என்பது அன்றைய விதி. பிரவுசிங் சென்டர்களில் தலையில் ஹெட்போன் மாட்டி உரக்கப் பேசிய தலைமுறை அந்த விதியின் பிள்ளைகள்.

அட்டை வணிகமும் தமிழரும்

வெளிநாட்டில் இருந்தவர்கள் கண்டுகொண்ட வழி, முன்பணம் செலுத்திய அழைப்பு அட்டை. அட்டையைச் சுரண்டி இரகசிய எண்ணை எடுத்து, உள்ளூர் எண் ஒன்றை அழைத்து, அதன்வழியே ஊருக்குப் பேசுவார்கள். புலம்பெயர்ந்தோருக்கான மலிவு அழைப்பு என்ற தொழிலில் ஈழத் தமிழர்களின் பங்கு பெரிது. லெபாரா நிறுவனத்தை 2001இல் தொடங்கிய மூவரும் இலங்கைத் தமிழர்கள். லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற அவர்களது பெயர்களின் முதலெழுத்துகளே நிறுவனத்தின் பெயர். 2006இல் லைக்காமொபைலைத் தொடங்கிய அல்லிராஜா சுபாஸ்கரனைத் தமிழ்நாட்டில் திரைப்படத் தயாரிப்பாளராகவே பலர் அறிவர். ஊருக்குப் பேச ஏங்கியவர்களின் தேவை அதே மக்களிடமிருந்து வந்தவர்களுக்கே முதலில் புரிந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவில் வோனேஜ் நிறுவனம் 2009இல், மாதச் சந்தாவில் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளுக்கு அளவின்றிப் பேசும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

2003இல் தொடங்கிய ஸ்கைப், செயலியிலிருந்து சாதாரணத் தொலைபேசிக்கும் பேச வழி செய்தது. 2025 மே 5 அன்று அது மூடப்பட்டது. இவ்வகைச் சேவைகளில் ஒரேயடியாகப் பெருந்தொகையை முன்பணமாகப் போட்டுவைக்க வேண்டாம்.

செயலிகளும் வளைகுடாத் தடையும்

வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு 2015இலும் காணொளி அழைப்பு 2016இலும் வந்தன. குரல் அழைப்புக்கு மிகக் குறைந்த தரவே போதும்; தினசரித் தரவுத் திட்டம் வைத்திருப்பவருக்கு அது செலவாகவே தெரியாது. காணொளிக்குப் பல மடங்கு வேண்டும். ஆடிப்பூரத் தேரை வீதியில் நின்று மகனுக்குக் காட்ட முயல்பவர்கள், கூட்டத்தில் அலைவரிசை நெரிசலால் படம் உறைந்துபோவதைப் பார்த்திருப்பார்கள். குரலுக்கு மாறினால் பெரும்பாலும் பேச முடியும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்திகள் போகும், அழைப்புகள் தடுக்கப்பட்டுள்ளன. போட்டிம் போன்ற, அந்நாட்டு அரசு அனுமதித்த செயலிகளையே அங்கே பயன்படுத்த வேண்டும். ஊரில் இருப்பவரும் அதே செயலியை நிறுவிக்கொண்டால்தான் பேசலாம். சவூதி அரேபியா, நிபந்தனைகளை ஏற்கும் இணைய அழைப்புச் செயலிகளுக்கான தடையை 2017 செப்டம்பரில் நீக்கியது.

தடையைத் தாண்ட வி.பி.என். போட்டுக்கொள் என்று நண்பர்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அமீரகச் சட்டப்படி, இணைய முகவரியை மறைத்துக் குற்றம் புரிவதற்கான அபராதமே 5 இலட்சம் திர்ஹாமில் தொடங்கி 20 இலட்சம் திர்ஹாம் வரை போகிறது. சில நூறு ரூபாயை மிச்சம்பிடிக்க, கடன் வாங்கி விசா எடுத்துப் போன பிள்ளை அந்த வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. குரல் செய்தியாகப் பேசிப் பதிந்து அனுப்புவது தடையில்லாத வழி. பழைய ஒலிநாடாதான், கொண்டுவர ஆள் வேண்டியதில்லை.

பொத்தான் கைப்பேசியும் அவசர நேரமும்

திறன்பேசி இல்லாத பெற்றோருக்கு, வெளிநாட்டில் இருப்பவர் இந்திய அழைப்புத் தொகுப்பு ஒன்றை வாங்கி நேராக அழைப்பதே சிறந்தது. இந்தப் பக்கம் செலவே இல்லை. பழக வேண்டியதும் எதுவுமில்லை. முதியவர் கையில் புதுத் திறன்பேசியைத் திணித்துவிட்டு, ‘ஏன் எடுக்கவில்லை’ என்று கேட்பதைவிட இது நல்லது.

ஆனால் வீட்டிலிருந்து அங்கே கூப்பிட வேண்டிய நேரமும் வரும். அப்பாவை நள்ளிரவில் மருத்துவமனையில் சேர்த்திருக்கும்போது, வேலையிடத்தில் இணையத்தை அணைத்துவைத்திருக்கும் மகனுக்குச் செயலி அழைப்பு போய்ச் சேராது. அவருடைய அந்நாட்டுச் சாதாரண எண்ணுக்குத்தான் அழைக்க வேண்டும். ‘அன்லிமிடெட்’ என்று விற்கப்படும் திட்டங்கள் உள்நாட்டு அழைப்புக்கு உரியவை, ஐ.எஸ்.டி. பொதுவாக அவற்றில் சேராது. அதற்கு முதன்மை இருப்பில் பணமோ தனி ஐ.எஸ்.டி. தொகுப்போ வேண்டும், வசதியைத் திறந்துவிடும்படி நிறுவனத்திடம் கேட்கவும் வேண்டியிருக்கலாம். வீட்டில் ஒரே ஒரு கைப்பேசியிலாவது இதை முன்கூட்டியே செய்து, ஒருமுறை அழைத்தும் பார்த்துவிட வேண்டும்.

எண்ணை எழுதும் முறை

கிடைக்காத அழைப்புகள் பலவற்றுக்கு எண்ணைத் தவறாகச் சேமித்திருப்பதே காரணம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டுக்கும் எஸ்.டி.டி. குறியீடு 04563. வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது முன்னாலிருக்கும் பூச்சியத்தை விட்டுவிட்டு, +91 4563 என்று தொடங்கி ஆறிலக்க எண்ணைச் சேர்க்க வேண்டும். +91 04563 என்று போட்டால் தவறு. அமீரகக் கைப்பேசி எண்ணை அங்கே 05 என்று தொடங்கி எழுதுவர். இங்கிருந்து அழைக்கையில் அது +971 5 என்றாகும். சிங்கப்பூருக்கு 65, மலேசியாவுக்கு 60, இலங்கைக்கு 94, சவூதிக்கு 966, குவைத்துக்கு 965. கூட்டல் குறி போட முடியாத தொலைபேசியில் 00 போட வேண்டும்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் உரிய 1 என்ற குறியீட்டையே ஜமைக்கா போன்ற கரீபியன் நாடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. அமெரிக்காவுக்கான மலிவுத் தொகுப்பு அவற்றுக்குப் பொருந்தாது.

அறிமுகமில்லாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒருமுறை மட்டும் ஒலித்து நின்றால் திருப்பி அழைக்கக்கூடாது. கட்டணம் மிகுந்த எண்ணுக்கு நம்மை அழைக்கவைத்துப் பணம் பார்க்கும் மோசடி அது. உறவினர் வெளிநாட்டிலிருந்து பேசும்போது நம் திரையில் யாருடையதோ ஓர் இந்திய எண் தெரிந்தால், இடையில் யாரோ சிம் அட்டைகளை அடுக்கிவைத்துச் சட்டவிரோத இணைப்பகம் நடத்தக்கூடும். முடிப்புக் கட்டணத்தை ஏய்ப்பதே அவர்களது இலாபம். இத்தகைய அழைப்புகளைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தெரிவிக்கலாம். பணத்தைப் பறிகொடுத்திருந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றிப் பேச வேண்டும்.